விட்டு வந்த வீடும் தேடிச் சென்ற தேசமும்



சில வாரங்களுக்கு முன்பு லிங்கராஜபுரத்தில் ஒரு விசுவாசியின் வீட்டில் ஜெபக்கூட்டம் முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். ஊர் வீட்டை விற்றுவிட்டு, அந்தப் பணத்தைக் கொண்டு பெங்களூரிலேயே சொந்த வீடு வாங்கலாம் என்று மூத்த மகன் பேச்செடுத்தார். நாசரேத் பக்கத்திலிருந்து வந்து முப்பது ஆண்டுகளாக இந்நகரில் வாழும் அவருடைய தாயார், "வித்துருய்யா. ஆனா அப்பா கல்லறைய யாரு பாத்துக்கிடுவா?" என்று மாத்திரம் கேட்டார்கள். அதற்கு ஒருவரும் பதில் சொல்லவில்லை.

அந்தத் தாயாரின் கேள்வி வேதத்தில் புதிதல்ல. சூசான் அரமனையில் ராஜாவுக்குப் பானபாத்திரக்காரனாயிருந்த நெகேமியாவும் தன் முகவாட்டத்துக்கு இதையே காரணமாகச் சொன்னான். தன் பிதாக்களின் கல்லறைகள் இருக்கும் நகரம் பாழாய்க் கிடப்பதை எண்ணியே அவன் துக்கப்பட்டான். துக்கத்தோடு நின்றுவிடாமல் புறப்பட்டும் போனான். பன்னிரண்டு ஆண்டுகள் அதிபதியாயிருந்தும், அதிபதிக்குரிய படியை வாங்காமல் மதிலைக் கட்டும் வேலையில் உழைத்தான். தேசத்தின்மேல் தனக்கிருந்த அன்பின் விலையை அவன் தானே செலுத்தினான்.

அதே ஏக்கத்தைச் சுமந்த யூத ஜனங்கள், நாம் இரவு இரயிலில் ஏறினால் காலையில் போய்ச் சேரும் தூரத்தில், பல நூற்றாண்டுகள் வாழ்ந்தார்கள் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

கொச்சியின் மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இன்றும் நிற்கிறது. அதற்கும் வெகுகாலத்துக்கு முன்பே, ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சேர மன்னர் பாஸ்கர ரவி வர்மா யோசேப்பு ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் செப்பேட்டில் உரிமைகள் எழுதிக் கொடுத்திருந்தார். கொச்சி மன்னர்கள் அவர்களை ஆதரித்தார்கள். அவர்கள் மலையாளம் பேசினார்கள். அவர்களுடைய பெண்கள் எருசலேமின் ஏக்கத்தைக்கூட மலையாளப் பாட்டாகவே நோட்டுப் புத்தகங்களில் எழுதி வைத்துப் பாடினார்கள். இந்த மண் அவர்களைத் துரத்தவில்லை. ஆகிலும் ஒவ்வொரு ஜெபத்திலும் அவர்கள் முகம் சீயோனையே நோக்கியிருந்தது.

1948இல் இஸ்ரவேல் தேசம் உருவானபோது கொச்சி யூதர்கள் ஏறக்குறைய 2,400 பேர் இருந்தார்கள். அவர்களில் அநேகர் புறப்பட ஆயத்தமானார்கள். பொருளாதார நெருக்கடியும் ஒரு காரணமாயிருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும் முற்பிதாக்களின் தேசம் என்ற பக்தியே பெரிதாயிருந்தது. வீட்டையும் பொருளையும் விற்றுவிட்டுக் காத்திருந்தவர்களுக்கு அங்கிருந்து வந்த செய்தியோ வேறு. கொச்சிப் பகுதியில் யானைக்கால் நோய் இருந்தபடியால், இவர்கள் மூலமாக அது தேசத்தில் பரவும் என்று இஸ்ரவேலின் சுகாதார அதிகாரிகள் அஞ்சினார்கள். ஆகவே பயணம் ஆண்டுக்கணக்கில் தாமதித்தது. இங்கே வீடு இல்லை. அங்கே வாசல் திறக்கவில்லை. நம்பி விற்றவர்களின் அந்த நாட்களைச் சற்றே எண்ணிப் பாருங்கள்.

அந்த வாசல் திறக்கும்படி அவர்களுக்காக வாதாடியவர்களில் முக்கியமானவர் ஆபிரகாம் பாராக் சாலேம் (1882-1967). சென்னையில் சட்டம் பயின்றவர். கொச்சி சட்டசபை உறுப்பினராயிருந்தவர். அடிமைத்தனத்திலிருந்து விடுவிக்கப்பட்டவர்களின் சந்ததி என்று சொல்லி, அவருடைய வகுப்பாரைப் பரதேசி ஜெப ஆலயத்தில் சமமாக உட்கார விடாத காலம் அது. அந்த அநீதியை அவர் சத்தியாக்கிரக வழியில் எதிர்த்து நின்றார். அதனால் ஜனங்கள் அவரை யூதக் காந்தி என்று அழைத்தார்கள். இப்படித் தம்மை ஒதுக்கிய சமுதாயத்துக்காகவே அவர் பிற்காலத்தில் பரிந்து பேசினார் என்பது கவனிக்கத்தக்கது. 1950களில் கொச்சி யூதரில் பெரும்பாலோர் தேசம் போய்ச் சேர்ந்தார்கள். அவர்கள் போக வழி செய்த சாலேமோ கொச்சியிலேயே தங்கி, 1967இல் அங்கேயே கண்மூடினார்.

போனவர்களுக்குப் பாலும் தேனும் ஆயத்தமாக இருக்கவில்லை. பெயெர்செபாவுக்கு அருகே நெவாத்திம் என்ற வறண்ட இடத்தில் பல குடும்பங்கள் குடியேற்றப்பட்டன. காயலும் தென்னையும் பார்த்து வளர்ந்த கண்களுக்கு முன் பாலைவன மணல் கிடந்தது. 1955இல் சேந்தமங்கலத்திலிருந்து சென்ற எலியாகு பெசலேல் ஆரம்பத்தில் ஆடு மேய்த்தார். பின்பு அதே நெகேவ் பாலைவனத்தில் பசுமைக் குடில் அமைத்து ரோஜா வளர்த்தார். பின்னாளில் இந்திய அரசே அவருக்குப் பிரவாசி பாரதிய சம்மான் விருது வழங்கிக் கௌரவித்தது. நெவாத்திமில் இன்று கொச்சியை நினைவுகூரும் பாரம்பரிய மையம் இருக்கிறது. எருசலேமை எண்ணிக் கொச்சியில் பாடினவர்கள், எருசலேமின் தேசத்துக்குப் போன பின்பு கொச்சியை எண்ணிப் பாடினார்கள்!

போகாமல் தங்கினவர்களும் உண்டு. மட்டாஞ்சேரியில் துணியில் பூவேலை செய்து விற்றுவந்த சாரா கோகன் அம்மையார் 2019இல் தமது 96ஆம் வயதில் மறைந்தார்கள். முதுமையில் அவர்களைத் தாயைப்போல் பராமரித்தது ஓர் இஸ்லாமியக் குடும்பம். உறவினர் பலர் போய்விட்ட தெருவில் கர்த்தர் அயலாரைப் பிள்ளைகளாகக் கொடுத்தார்.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. 1948ஆம் ஆண்டுப் போரையொட்டி 7 லட்சத்துக்கும் அதிகமான பாலஸ்தீனியர் தங்கள் வீடுகளை இழந்தார்கள். அவர்களில் கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். வீட்டுச் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஏங்கும் மனிதனின் கண்ணீர் எந்த ஜனத்தாருக்கும் ஒன்றே. எருசலேமின் சமாதானத்துக்காக ஜெபிக்கிற நாம், அதில் வாழும் எல்லாருக்காகவும் ஜெபிக்கக் கடமைப்பட்டிருக்கிறோம்.

பிரியமானவர்களே, மண்ணின்மேல் வைக்கும் அன்பு விலையில்லாமல் வருவதில்லை. அந்த விலையை யார் செலுத்துகிறார்கள் என்பதே கேள்வி. நெகேமியா தானே செலுத்தினான். சாலேம் தம் ஜனத்துக்காகச் செலுத்தினார். நம் குடும்பங்களிலோ, பிள்ளைகளின் முன்னேற்றத்துக்காகப் பெற்றோரே சத்தமில்லாமல் அந்த விலையைச் செலுத்தி விடுகிறார்கள். நாமும் அதைக் கவனியாமல் விட்டுவிடுகிறோம்.

ஊர் வீட்டை விற்பது பாவம் என்று நான் சொல்லவில்லை. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய நிருபத்தில், இருக்கும் பட்டணத்தில் வீடு கட்டவும், தோட்டம் வைக்கவும், அதின் சமாதானத்தைத் தேடவும் ஆலோசனை உண்டு. பெங்களூரும் கர்த்தர் நமக்குக் கொடுத்த பட்டணமே. ஆனாலும் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் ஒருமுறை பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு ஊருக்குப் போய் வாருங்கள். தாத்தாவின் கல்லறை எங்கே, எந்த மரத்தடியில் முதல் ஜெபக்கூட்டம் நடந்தது என்பதைப் பாட்டியம்மாளே சொல்லட்டும். கல்லறையை யார் பார்த்துக்கொள்வது என்பதைப் பேர் சொல்லித் தீர்மானியுங்கள். அதன் பின்பு விற்பதானாலும் வைத்திருப்பதானாலும் தாயாரின் மனச்சம்மதத்தோடு செய்யுங்கள்.

அந்த லிங்கராஜபுரக் குடும்பத்தாரிடமும் இதையே சொன்னேன். வருகிற விடுமுறைக்கு நாசரேத் செல்ல அவர்கள் இரயில் சீட்டு எடுத்திருக்கிறார்கள். தாயாருக்கு ஜன்னலோர இருக்கை.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.