‘நல்லா ரெஸ்ட் எடு’ன்னு சொல்லாதீங்க

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைன்னா, வடிகட்டின காற்று வர்ற தனி அறையில் சில வாரம் அடைபட்டுக் கிடக்கணும். போன் பண்ற நாம எல்லாரும் சொல்றது, ‘நல்லா ரெஸ்ட் எடு.’ தப்புங்க. கீமோவும் படுக்கையும் சேர்ந்தா தசை கரையும். ஸ்டீராய்டும் தொடர்ந்தா தொடை தளரும். புற்றுநோய் போனாலும், டாய்லெட்டில் உட்கார்ந்தவர் எழ ஆள் தேடணும். அதனால்தான் பிசியோதெரபிஸ்ட் அந்த அறைக்குள்ளேயே பெடல் மிதிக்க வைக்கிறார், நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்றார். எல்லாம் ரத்த ரிப்போர்ட் பார்த்துதான். பிளேட்லெட் ரொம்பக் குறைஞ்சா அன்னிக்கு வெயிட் கிடையாது.

மக்களே, ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு இன்னொரு லைன் ஃபாலோயர் ரோபோவா? (போதும்டா சாமி!) கட்டில் ஓரம் வைக்க மலிவான பெடல் ஒண்ணு செய்யலாமே. தினம் கிருமிநாசினி போட்டுத் துடைச்சாலும் துருப்பிடிக்கக் கூடாது, இடுக்கில் அழுக்கு தங்கக் கூடாது.