மின்பதிப்பில் வகுப்புப் பெயர்: பதிப்பாசிரியர் பொறுப்பு

போடிமெட்டுச் சரிவுகளில் பறிக்கப்படும் ஏலக்காய், உலர்ந்தபின் 7 மி.மீ., 8 மி.மீ. எனச் சல்லடைத் துளையளவால் பிரிக்கப்படுகிறது. பருமன் ஒரு வகைப்பாடு, நிறம் மற்றொன்று. ஒரே காய் இரண்டிலும் இடம்பெறும். போடிநாயக்கனூர் ஏலத்தில் விலைக்கு இவ்விரண்டும் அடிப்படை. இணையப்பக்க உறுப்புகளுக்கு இடப்படும் வகுப்புப் பெயர்களும் இத்தன்மையனவே. ஓர் உறுப்பு பல வகுப்புகளைப் பெறலாம்; ஒரு வகுப்பு பல உறுப்புகளுக்கு உரியதாகலாம். நிரலில் ஒரு பெயரைச் சுட்டினால் அப்பெயருடைய உறுப்புகள் அனைத்தும் ஒருங்கே கிடைக்கும்.

1998-இல் மதுரைத் திட்டம் தொடங்கியது முதல் தமிழ் நூல்கள் பெருமளவில் இணையமேறியுள்ளன. சொல்லடைவு, நடையாய்வு ஆகியவற்றுக்கு அவற்றிலிருந்து நிரல்வழித் தரவு திரட்டுவோரும் பெருகியுள்ளனர். ஆயினும் மூலத்தையும் உரையையும் வண்ணத்தாலோ தடித்த எழுத்தாலோ மட்டும் வேறுபடுத்தும் பக்கங்கள் இன்றும் உள. ‘சிவப்பு’ என்னும் வகுப்பு கண்ணுக்கு உதவும், ஆய்வுக்கு உதவாது. புறப்பொருள் வெண்பாமாலையின் கொளுவும் வெண்பாவும் ஒரே வகுப்பில் அடங்கினால், வெண்பாவின் சொல்வளத்தை மட்டும் கணக்கிடுதல் எங்ஙனம்? எது கொளு, எது பாட்டு, எது பாடவேறுபாடு எனத் துணிவது பதிப்பாசிரியரின் கடமை. அதனை நிரலாளரிடம் விட்டுவிடுதல் முறையன்று.

தமிழிலேயே வகுப்புப் பெயரிடத் தடையில்லை. ஆனால் பெயருக்குள் இடைவெளி ஆகாது. ‘பழைய உரை’ என எழுதினால் ‘பழைய’, ‘உரை’ என இரு வகுப்புகளாகிவிடும். ‘உரை’யைத் தேடும் நிரலில் புத்துரையோடு பழைய உரையும் வந்து கலக்கும். எழுத்துக்குறியீட்டுச் சிக்கல் இதனினும் நுண்ணியது. ‘கொளு’ என்பதிலுள்ள ஒகரக் குறியை ஒருங்குறியில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. நிரல் அவற்றை வெவ்வேறு பெயர்களாகவே கொள்ளும். ஆதலின் ஒருவகையில் எழுதிய கொளுக்கள் முழுவதும் விடுபடும்.

ஆய்வாளர் தரப்பிலும் கவனம் வேண்டும். ஜாவாஸ்கிரிப்டின் ‘கெட்எலிமென்ட்ஸ்பைகிளாஸ்நேம்’ தருவது பக்கத்தோடு சேர்ந்து மாறும் தொகுதி. அடிக்குறிப்பு ஒன்றை நீக்கியவுடன் எஞ்சியவை ஓரிடம் முன்னேறும். எனவே வரிசையெண்ணை ஒவ்வொன்றாகக் கூட்டிச் செல்லும் நிரல், ஒன்றுவிட்டு ஒன்றையே நீக்கும், பிழைச்செய்தியும் தோன்றாது. ஏறத்தாழப் பாதிக் குறிப்புகள் மூலத்தின் சொற்களாக எண்ணப்பட்டு, உரையாசிரியர் காலச் சொல் ஒன்று சங்ககாலச் சொல்லாகப் பட்டியலில் ஏறிவிடும். இறுதியிலிருந்து நீக்கி வருதலோ, மாறாத தொகுதியைத் தரும் ‘குவெரிசெலக்டர்ஆல்’ வழியைக் கொள்ளுதலோ இதற்குப் போதும்.

சுவடி விவரத்தை முன்னுரையில் தருதல் பதிப்பு மரபு. மின்பதிப்பின் முன்னுரை, வகுப்புப் பெயர்களையும் அவற்றின் பொருள்வரையறையையும் சேர்த்துத் தருதல் வேண்டும். நிரல்வழிக் கணக்கைச் சான்றாகக் காட்டும் கட்டுரைகளிடம் எவ்வகுப்புகள் கொள்ளப்பட்டன, எவை தள்ளப்பட்டன என மதிப்பீட்டாளர் வினவுதலும் வேண்டும்.