தைல மரத்தின் தண்ணீர்க் கணக்கு

மழை குறைந்த நிலத்துக்குத் தைல மரமே ஏற்றது என்பவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. இளங்கன்று வேர் பிடித்துவிட்டால் பிறகு அதற்குத் தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை. ஆடு மாடும் கடிப்பதில்லை. ஆனால் வறட்சியைத் தாங்குவது வேறு, தண்ணீரைக் குறைவாகக் குடிப்பது வேறு. டெரட்டிகார்னிஸ் என்ற வகைதான் நம் பக்கம் அதிகம் நடப்பட்டது. அதற்கு நெருங்கிய உறவான கமால்டுலென்சிஸ், ஆஸ்திரேலியாவின் முர்ரே-டார்லிங் வடிநிலத்தில் ஆற்றோரங்களில்தான் அடர்ந்து நிற்கிறது. வறண்ட நாட்டு மரம்தான். அங்கே அது தாக்குப்பிடிப்பது வெள்ளத்தையும் நிலத்தடி நீரையும் நம்பி.

'எல்லா மரமும்தான் நீர் குடிக்கிறது, தைல மரத்தை மட்டும் ஏன் பழிக்க வேண்டும்?' என்ற கேள்வி நியாயமானது. 1990களின் தொடக்கத்தில் இயான் கால்டர் உள்ளிட்ட நீரியல் ஆய்வாளர்கள் கர்நாடகத்தில் இதை அளந்து பார்த்தார்கள். மண் ஆழம் குறைந்த இடங்களில் தைலத் தோப்பு செலவழித்த நீர், இயற்கையான இலையுதிர் காடு செலவழித்ததைவிட அதிகமில்லை. இரண்டுமே பெய்த மழை முழுவதையும் எடுத்துக்கொண்டன. ஆனால் கேழ்வரகு வயலோடு ஒப்பிட்டால் தோப்பின் செலவு ஏறக்குறைய இரண்டு மடங்கு. மண் ஆழமாக இருந்த ஹொசகோட்டேயிலோ, தோப்பு பெய்த மழையையும் தாண்டி, பழைய ஆண்டுகளில் மண்ணில் சேர்ந்திருந்த ஈரத்தையும் உறிஞ்சியது. ஆக, மரத்தின் குணத்தைவிட, எந்த மண்ணில், எதற்குப் பதிலாக நடுகிறோம் என்பதே முக்கியம்.

புதுக்கோட்டையில் இந்தக் கணக்குத்தான் தப்பியது. கண்மாய்களை நம்பி வாழும் அந்த மாவட்டத்தில், அவற்றுக்கு நீர் தரும் மேட்டுநிலங்களிலேயே காகித ஆலைகளுக்காகத் தைலத் தோட்டங்கள் பரவின. தோட்டத்துக்குள் கரை எடுத்து மழைநீரைத் தேக்கும்போது வரத்து வாய்க்கால் வறள்கிறது. விவசாயிகள் ஆண்டுக்கணக்காக முறையிடுவது இதைத்தான். மரம் குடிப்பதோடு நின்றிருந்தால்கூட ஓரளவு பொறுக்கலாம். ஓடிவரும் நீரையும் மறிப்பது கீழே இருப்பவரின் பங்கைப் பறிப்பதாகும்.

ஆள் கிடைக்காத காலத்தில், வெட்டினாலும் கட்டையிலிருந்து துளிர்க்கும் இந்த மரம் சிறு விவசாயிக்குக் கைகொடுக்கிறது என்பதை மறுக்க முடியாது. அவருடைய அரை ஏக்கரைக் குறை சொல்லிப் பயனில்லை. கர்நாடகம் 2017இல் செய்ததுபோல் ஒட்டுமொத்தமாகத் தடை விதிப்பதைவிட, தென்னாப்பிரிக்காவின் 1998ஆம் ஆண்டு நீர்ச் சட்டம் காட்டும் வழி எனக்குச் சரியாகப்படுகிறது. ஆற்று நீரைக் குறைக்கும் நடவடிக்கை என்று வணிகத் தோப்பை வகைப்படுத்தி, அதற்கு நீர் உரிமம் கேட்கிறது அந்தச் சட்டம். தைலத்துக்குப் பதிலாக நாட்டு மரங்களை நெருக்கி நட்டாலும் தண்ணீர்ச் செலவு இருக்கவே செய்யும் என்பதால், நீர்ப்பிடிப்பின் ஒரு பகுதி புல்லும் புதருமாகத் திறந்தே கிடக்கட்டும். கண்மாய் நீர்ப்பிடிப்பில் உள்ள அரசு நிலங்களில் அடுத்த அறுவடையோடு தைல மரத்தை நிறுத்தி, குறுக்குக் கரைகளை அகற்றி, வரத்து வாய்க்கால்களை அரசு மீட்டுத் தர வேண்டும்.