ஸ்கூட்டருக்கு ஒரு புது ஹோர்ன்

சென்ற மாதம் ஒருநாட் காலை, என் தங்கையின் மகள் எங்கள் வீட்டுப் படலையடியில் வந்து நின்று ஹோர்னை ஒருமுறை அழுத்தினாள். கிணற்றடியில் நின்ற நான் கையிலிருந்த வாளியைக் கிணற்றுக்குள்ளேயே நழுவ விட்டேன். லொறி ஒன்று முற்றத்துக்குள் புகுந்துவிட்டதென்றே எண்ணினேன். வெளியே வந்து பார்த்தால், நிற்பது சின்னஞ்சிறு ஸ்கூட்டர்!

"எப்படி மாமா, புது ஹோர்ன்?" என்று கேட்டுச் சிரித்தாள்.

அவள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவி. கோண்டாவிலிலிருந்து பலாலி வீதி வழியாகத் திருநெல்வேலிச் சந்தையைக் கடந்து பரமேஸ்வராச் சந்திக்கு நாள்தோறும் வருகிறவள். "பஸ் என் பக்கம் சாய்ந்து வருகிறது, மாமா. நான் அழுத்தும் ஹோர்ன் எனக்கே கேட்பதில்லை. சாரதிக்கு எப்படிக் கேட்கும்?" என்றாள்.

குறை நியாயமானதே. ஸ்கூட்டரின் குரல் பிறவியிலேயே மெலிந்தது. இத்தாலியில் வெஸ்பா 1946ஆம் ஆண்டிலும், லம்பிரெட்டா அதற்கு அடுத்த ஆண்டிலும் வெளிவந்தன. அக்காலத்து ஸ்கூட்டர்கள் பலவற்றில் பற்றரியே இல்லை. இயந்திரம் சுழலும்போது பிறக்கும் மின்னே விளக்குக்கும் ஹோர்னுக்கும் போதியதாயிருக்க வேண்டும். இயந்திரம் மெல்ல ஓடினால் ஹோர்னும் தொண்டை கட்டியவரைப்போல் முனகும். இக்காலத்து வண்டிகளில் 12 வோல்ற்றுப் பற்றரி உண்டு. ஆயினும் பஸ்ஸின் இரைச்சலுக்கு முன் அவற்றின் குரல் இன்னும் சிறியதே. ஆகவே மருமகள் கராஜ் ஒன்றிலே, காருக்குப் பூட்டும் இரட்டை ஹோர்னைத் தன் வண்டிக்குப் பூட்டுவித்திருந்தாள்.

பத்து நாள் கழிந்தது. ஒரு விடியற்காலை அவள் எங்கள் ஒழுங்கையின் முடக்கிலே திரும்பும்போது, வழக்கம்போல் ஹோர்னை அழுத்தினாள். மறுபக்கத்தில், கீரைக்கட்டுகளைச் சைக்கிளிற் கட்டிக்கொண்டு சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு முதியவர், அந்த ஓசையில் திடுக்கிட்டுச் சைக்கிளோடு வேலியிற் சாய்ந்து விழுந்தார். ஸ்கூட்டர் அவரைத் தொடவேயில்லை. ஆனால் கை மணிக்கட்டு முறிந்துவிட்டது.

ஆஸ்பத்திரியிலே அவர் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, "அழாதே பிள்ளை. நீ என்னை இடிக்கவில்லை. உன்னுடைய சத்தந்தான் இடித்தது. மணி அடித்திருந்தாலும் ஒதுங்கியிருப்பேனே" என்றார்.

மணியோசைக்கு ஒதுங்கிப் பழகியவர் அவர். 1990ஆம் ஆண்டின் பின் பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில், பெற்றோலும் பற்றரியும் குடாநாட்டுக்கு எட்டாக் கனியாயின. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட நாட்கள் அவை. அன்று நம் வீதிகளை ஆண்டது சைக்கிள் மணியே. அந்தச் சிற்றோசைக்கு எல்லோரும் வழிவிட்டோம்.

அவருடைய வார்த்தை என்னைச் சிந்திக்க வைத்தது. அன்று மாலை மருமகளும் நானும் அந்த ஹோர்னைக் கழற்றி முன்னே வைத்துக்கொண்டு இருந்தோம்.

ஹோர்னின் உள்ளே இருப்பது நம் பாடசாலைகளிற் கற்பிக்கப்படும் மின்மணியின் தத்துவமே. பொத்தானை அழுத்தியதும் மின்காந்தம் ஒரு மெல்லிய உருக்குத் தகட்டை இழுக்கிறது. இழுபட்ட தகடு மின்தொடுப்பைப் பிரித்துவிடுகிறது. காந்தம் சோர, தகடு மீள்கிறது. மீண்டும் தொடுப்பு உண்டாகிறது. இது ஒரு நொடியில் நூற்றுக்கணக்கான தடவை நிகழ்கிறது. இரட்டை ஹோர்னில் ஒன்று நொடிக்கு 400 தடவையும் மற்றது 500 தடவையும் அதிர்வதாகக் கொள்வோம். சங்கீதம் பயில்கிறவர்கள் இதைச் சட்சமும் அந்தர காந்தாரமும் என்பார்கள். இனிய பொருத்தந்தான், ஆனால் காதருகே கேட்கத் தக்கதன்று.

"இரண்டு பூட்டினால் இரு மடங்கு சத்தம் என்றார்கள்" என்றாள் மருமகள். அது பிழையான கணக்கு. ஒரே வலிமையுள்ள இரண்டு ஹோர்ன்கள் சேர்ந்தால் ஒலி 3 டெசிபெல்லே கூடும். நம் செவிக்கு இரு மடங்காகத் தோன்ற 10 டெசிபெல் வரை கூடவேண்டும். ஆகவே வண்டிக்கு உரத்த குரல் கொடுத்தது இரண்டு என்ற எண்ணிக்கையன்று. காரின் ஹோர்ன் தனியாகவே உரத்தது.

அடுத்து, கைபிடியிலுள்ள பொத்தானைத் திறந்து பார்த்தோம். உள்ளே வயரின் உறை இளகியிருந்தது! பழைய ஹோர்னுக்கு ஏறத்தாழ 2 அம்பியர் மின்னோட்டம் போதும். புதியவை இரண்டும் சேர்ந்து 8 அம்பியர் வரை இழுத்தன. மின்னோட்டம் நான்கு மடங்கானால் வயரிற் பிறக்கும் வெப்பம் பதினாறு மடங்காகும். மாணவர்கள் பரீட்சைக்காகப் பாடமாக்கும் விதி இங்கே பொத்தானையே உருக்கிக்கொண்டிருந்தது. இத்தகைய ஹோர்னுக்குப் பற்றரியிலிருந்து தடித்த வயர் ஒன்று தனியே வரவேண்டும். அதன் தொடக்கத்திலே உருகி இருக்கவேண்டும். நடுவே 'ரிலே' என்னும் சிறு மின்காந்த ஆளி இருக்கவேண்டும். அப்போது பொத்தான் சிறிய மின்னோட்டத்தையே தாங்கும். பெரியதை ரிலே தாங்கும்.

இவையெல்லாம் திருத்தக்கூடியவை. திருத்த முடியாதது மனித உடலின் இயல்பு. எதிர்பாராத பேரொலி கேட்டால், அறிவு யோசிக்குமுன்னரே உடல் குறுகிக் கை நடுங்கும். தொலைவிலிருந்து கேட்டால் அது எச்சரிக்கை. இரண்டு மீற்றரிற் கேட்டால் அது அடி. அன்றியும், மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 11 மீற்றர் கடந்துவிடுகிறது. கேட்டவர் திரும்பிப் பார்த்து விலக அந்த ஒரு நொடியாவது வேண்டும். குறுகிய முடக்கிலே அந்த நொடியைத் தருவது ஹோர்ன் அன்று, பிறேக். வேகத்தைப் பாதியாக்கினால், பிறேக் பிடித்தபின் வண்டி ஓடும் தூரம் காற்பங்காகும்.

சந்தை வாயிலில் நாள் முழுதும் இருந்து காய்கறி விற்பவர்களையும் நினைக்கவேண்டும். 85 டெசிபெல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேற் கேட்பது செவிக்குத் தீங்கென்பர். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபெல்லுக்குப் 15 நிமிடமே கணக்கு. நாமோ அழுத்திவிட்டுப் போய்விடுகிறோம். அவர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

அப்படியானால் பஸ்ஸுக்கு அஞ்சும் பெண் என்ன செய்வாள்? பழைய முனகலுக்கே திரும்பு என்று நான் சொல்லவில்லை. இரட்டையில் ஒன்றை நீக்கி, தாழ்ந்த சுருதியுடையதை மட்டும் ரிலேயும் உருகியும் வைத்து ஒழுங்காகப் பூட்டினோம். பலாலி வீதியிலே பஸ்ஸுக்குக் கேட்க அது போதும். ஒழுங்கைக்குள் அதை முன்கூட்டியே, தொலைவில் வைத்தே, ஒருமுறை தொட்டு விடுவது. முடக்கிலே நடைவேகத்துக்கு இறங்குவது. இது மருமகள் தானாகச் செய்துகொண்ட ஏற்பாடு.

முதியவரின் கை ஆறும்வரை அவருடைய கீரைக்கட்டுகளைச் சந்தைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் அவளேதான். நேற்றும் விடியற்காலை படலைக்கு வெளியே ஸ்கூட்டர் வந்து நின்றது. அவள் ஹோர்னை அழுத்தவில்லை.

"மாமா!" என்று கூப்பிட்டாள். நன்றாகவே கேட்டது.