கம்பிக்கு வெளியே ஒரு குடும்பம்

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். மலையில் ஒரு கொலை நடந்தால், கொன்றவர் சேலம் மத்திய சிறைக்குப் போகக்கூடும். இறந்தவரின் மனைவியோ அன்றாடக் கூலியை இழந்து, நாமக்கல் நீதிமன்றத்துக்கு இறங்கி ஏற வேண்டும். தீர்ப்பு வந்ததும் அவரை நாம் மறந்துவிடுகிறோம்.

சிறைகளில் எழுத்தறிவும் கைத்தொழிலும் கற்றுத் தரப்படுகின்றன. நல்லதே. ஆனால், தன் செயலால் இன்னொரு வீட்டில் அடுப்பு அணைந்ததைக் கைதிக்கு யார் எடுத்துச் சொல்வது? அவர் எண்ணுவதெல்லாம் தன் தண்டனை நாள்களை மட்டுமே.

இக்குறையைப் போக்கவே, 1990-களில் பிரிசன் ஃபெல்லோஷிப் அமைப்பு 'அத்திமரத் திட்டத்தை'த் தொடங்கியது. குற்றத்தால் பாதிக்கப்பட்டோர் சிறைக்குள் சென்று, தங்கள் வழக்கோடு தொடர்பில்லாத கைதிகளிடம் தங்கள் இழப்பைச் சொல்கின்றனர். பல வாரங்கள் இந்த உரையாடல் தொடர்கிறது. சக்கேயு ஏறிய மரமே திட்டத்தின் பெயர்.

நம் நாட்டிலும் ஒரு சான்று உண்டு. மத்தியப் பிரதேசத்தில் ஏழை விவசாயிகளுக்காக உழைத்த அருள்சகோதரி இராணி மரியா, 1995 பிப்ரவரி 25 அன்று பேருந்துப் பயணத்தில் குத்திக் கொல்லப்பட்டார். குருவானவர் ஒருவர் கொலையாளியைச் சிறையில் தொடர்ந்து சந்தித்து மனத்தைப் பண்படுத்தினார். 2002-இல் இராணி மரியாவின் தங்கை, அருள்சகோதரி செல்மி பால், சிறைக்கே சென்று அவர் கையில் ராக்கி கட்டினார். 2006-இல் விடுதலையான அவர், கேரளம் சென்று பெற்றோரிடம் மன்னிப்புக் கேட்டார். 2017 நவம்பர் 4 அன்று இராணி மரியா அருளாளராக உயர்த்தப்பட்டார்.

எனினும், மன்னிப்பை யாரிடமும் கேட்டு வாங்க நமக்கு உரிமையில்லை. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் தேவை நீதியும் வாழ்வாதாரமும். கைதிகளின் கூலியில் ஒரு பங்கை அவர்களுக்கு ஒதுக்கச் சட்டம் இயற்றலாம் என உச்ச நீதிமன்றம் 1998-இல் கூறியது. 2009 இறுதியில் நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக இழப்பீடு பெறலாம். 2024-இல் வந்த புதிய சட்டத்திலும் இவ்வுரிமை தொடர்கிறது. மலைக் கிராமங்களில் இதை அறிந்தவர் எத்தனை பேர்?

சக்கேயு கண்ணீரோடு நிற்கவில்லை. ஏமாற்றியதை நான்கு மடங்காகத் திருப்பித் தர முன்வந்தார். யாருக்குத் தீங்கு செய்தோம் என்று அறிந்தவரே ஈடு செய்ய முடியும். சிறையைச் சந்திக்கும் நாம், திரும்பும் வழியில் அந்த விதவையின் வீட்டுக் கதவையும் தட்டுவோமா?