நாலு நாள் ராட்டினம், இருபத்துநாலு மாதக் கடன்!

"குடும்பத்தோடு சிங்கப்பூர் போங்கள்! பணத்தை அப்புறம் மாதத் தவணையில் கட்டுங்கள்!" இந்த மாதிரி விளம்பரங்கள் முன்பெல்லாம் சென்னையின் பெரிய வீதிகளோடு நின்றுகொண்டன. இன்று செல்போன் வழியாகப் பிள்ளையார்பாளையத்துத் தறிக்குழி வரைக்கும் வந்துவிட்டன. கூடவே ஓர் உபதேசமும் வருகிறது. "செலவைத் திட்டமிடு, தினசரி டீயைக் குறை, சிறுகச் சிறுகச் சேர், நீயும் உன் பிள்ளைகளை வெளிநாட்டுத் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகலாம்" என்கிறார்கள். அப்படியென்றால், போக முடியாதவன் யார்? திட்டமிடத் தெரியாதவன், ஊதாரி! குற்றம் கூலியில் இல்லையாம், கூலி வாங்குகிறவனிடம்தான் இருக்கிறதாம்!

இது பொய். வாய்ப்பேச்சாகச் சொல்லவில்லை. அவர்கள் சொல்லுகிற திட்டத்தையே எடுத்து, கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம்.

செலவுப் பக்கம்

புருஷன், பெண்சாதி, இரண்டு பிள்ளைகள். மூன்று இரவு, நாலு பகல். போகிற இடம் சிங்கப்பூரின் செந்தோசாத் தீவில் 2010-இல் திறந்த யுனிவர்சல் ஸ்டுடியோஸ். 2024-இல் அங்கே ஒரு நாள் நுழைவுச் சீட்டு பெரியவருக்கு 83 சிங்கப்பூர் டாலர், சிறுவருக்கு 62 டாலர். நாலு பேருக்கு 290 டாலர். டாலருக்கு 62 ரூபாய் என்று வைத்தால் ஏறத்தாழ 18,000 ரூபாய். இது வாசலைத் தாண்டுவதற்கு மட்டும்!

பாஸ்போர்ட்டுக்குச் சர்க்கார் கட்டணம் பெரியவருக்கு 1,500, சிறுவருக்கு 1,000, ஆக 5,000. விசா மனுவுக்குத் தலைக்கு 30 டாலர், ஆக 7,400. விமானச் சீட்டு, போக வர ஆளுக்கு 15,000 என்று வைத்துக்கொள்வோம், ஆக 60,000. அறை வாடகை இரவுக்கு 8,000 வீதம் 24,000. நாலு பேர் சாப்பாடு நாளுக்கு 3,000 வீதம் 12,000. பஸ், ரயில் செலவு 5,000.

கூட்டுங்கள்: 1,31,400 ரூபாய். பிள்ளை கேட்கும் பொம்மை, குடிக்கும் சோடா, ஏஜெண்டு கமிஷன் எதையும் இதில் சேர்க்கவில்லை.

வரவுப் பக்கம்

2024–25-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு நிர்ணயித்த நாள் கூலி 319 ரூபாய். அந்த நாலு நுழைவுச் சீட்டுக்கு மட்டும் ஒரு விவசாயத் தொழிலாளி 56 நாள் மண் சுமக்க வேண்டும். முழுப் பயணத்துக்கு 412 நாள். வருஷத்துக்கு நூறு நாள் வேலை குறையாமல் கிடைத்து, கூலியும் பாக்கியில்லாமல் வந்து, அதில் ஒரு காசு அரிசிக்குச் செலவழிக்காமல் இருந்தாலும் நாலு வருஷக் கூலி போதாது! அந்த நூறு நாள் சட்டத்தையே 2025 டிசம்பரில் மாற்றிவிட்டார்கள் என்பது வேறு கதை.

நெசவாளிக்கு வருவோம். 2019–20-இல் மத்திய சர்க்கார் எடுத்த நாலாவது கைத்தறிக் கணக்கெடுப்பு என்ன சொல்கிறது? நாட்டின் நெசவாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மாத வருமானம் 5,000 ரூபாய்க்கும் கீழே. ஒருவர் கூலி அல்ல, குடும்ப வருமானம்! அப்படிப்பட்ட குடும்பம் 26 மாதம் அடுப்பு மூட்டாமல் இருந்தால் சிங்கப்பூர் ராட்டினத்தில் ஏறலாம்.

சரி, டீயைக் குறைக்கச் சொன்னார்களே, அதையும் பார்த்துவிடுவோம். தினம் இரண்டு டீ, 30 ரூபாய் என்று வையுங்கள். அதை அடியோடு நிறுத்தினால் 1,31,400 ரூபாய் சேருவதற்குப் பன்னிரண்டு வருஷம் பிடிக்கும். அதற்குள் பிள்ளைக்கு மீசை முளைத்துவிடும்! கூரை ஏறிக் கோழி பிடிக்க வழி சொல்லாத புண்ணியவான்கள் வானம் ஏறி வைகுண்டம் காட்டுகிறார்கள்.

காஞ்சிக்கு இது புதிதல்ல

சேர்த்துப் போக முடியாது என்பது உபதேசிகளுக்கும் தெரியும். அதனால்தான் உபதேசத்தின் கடைசி வரியில் கடன் வருகிறது. 1,30,000 ரூபாய் கடன், வருஷ வட்டி 16 சதவீதம், இருபத்துநாலு தவணை என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 6,365 ரூபாய் கட்ட வேண்டும். வட்டி மட்டும் 22,700 ரூபாய்க்கு மேல். அந்த வட்டிப் பணத்தில் நாலு பேருக்கும் இன்னொரு தடவை நுழைவுச் சீட்டு வாங்கியிருக்கலாம்! நாலு நாள் சிரிப்பு முடிந்துவிடும். இரண்டு வருஷம் மாதம் பிறந்தால் தவணைக்காரன் போன் வரும்.

இதற்குப் பெயர் புதிது. சரக்கு பழையது. காஞ்சிபுரத்து நெசவாளிக்கு இதை "முன்பணம்" என்று தெரியும். கல்யாணத்துக்கு, வைத்தியத்துக்கு, மழைக்காலத்துக் கஞ்சிக்கு முதலாளியிடம் முன்பணம் வாங்கினான்; வாங்கிய நாள் முதல் கூலி பேசும் வாயை இழந்தான். கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-இல் வந்தது. ஆனாலும் 2003-இல் மனித உரிமைக் கண்காணிப்பகம் என்ற சர்வதேச அமைப்பு பட்டுத்தொழிலில் கொத்தடிமைக் குழந்தைகள் பற்றி வெளியிட்ட அறிக்கையில் காஞ்சிபுரமும் இடம்பெற்றது. பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகத் தறியில் கரை நாடா தள்ளிய பிள்ளைகள் அவர்கள். எத்தனையோ பேர் பாடுபட்டு அந்தப் பிள்ளைகளைத் தறியிலிருந்து பள்ளிக்கு அனுப்பினார்கள். இன்று அதே பிள்ளையின் பெயரைச் சொல்லி, அதன் ஆசையைத் தூண்டிலாக்கி, அப்பனுக்கு மறுபடியும் ஒரு முன்பணம்! கடன்பட்டவன் வேலைநிறுத்தத்துக்கு யோசிப்பான், ஓவர்டைமுக்குத் தலையாட்டுவான். தவணைக் கடனால் லாபம் அடைகிறவர் பாங்குக்காரர் மட்டுமல்ல, மில் மானேஜரும்தான்.

ஆசை குற்றமா?

இங்கே இன்னொரு கனவான் குறுக்கிடுவார். "அதுதான் சொல்கிறேன், விரலுக்குத் தக்க வீக்கம் வேண்டும். கஞ்சி குடிக்கிறவனுக்கு ராட்டினம் எதற்கு?" என்பார். இவரும் நம் ஆளில்லை, தோழர்களே! முதலாமவர் நம் பணத்தைப் பிடுங்கப் பார்க்கிறார். இவர் நம் ஆசையையே பிடுங்கப் பார்க்கிறார்.

ஊர் பார்க்கும் ஆசை, ராட்டினத்தில் ஏறும் ஆசை பணக்காரன் வீட்டுச் சொத்தல்ல. வைகாசிக் கருட சேவைக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள் யார்? 2019-இல் அத்திவரதர் 48 நாள் வெளியே இருந்தபோது புளிச்சோற்று மூட்டையோடு வந்த லட்சோபலட்சம் ஜனங்கள் யார்? பக்தி ஒரு பக்கம் இருக்கட்டும். வெளியூர் பார்க்க வேறு வழியில்லாத ஏழைக்குத் திருவிழாதான் லீவு, அதுதான் பூங்கா. 1959-இல் சோவியத் பிரதமர் குருச்சேவ் அமெரிக்கா போனபோது டிஸ்னிலேண்டைப் பார்க்க ஆசைப்பட்டார். பாதுகாப்புக் காரணம் சொல்லித் தடுத்துவிட்டார்கள். அவருக்கே வந்த ஆசை நம் வீட்டுப் பிள்ளைக்கு வரக்கூடாதா? வரட்டும்! பிள்ளையின் ஆசை நியாயமானது. அதற்கு வட்டி கேட்பதுதான் அநியாயம்.

கணக்கில் விட்டுப்போன முதல் அயிட்டம்

திட்டம் போட்டுத் தருகிற பேர்வழிகள் விமானச் சீட்டை எழுதுகிறார்கள், ஓட்டலை எழுதுகிறார்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் வரவேண்டிய ஒன்றை எழுதுவதே இல்லை. அது லீவு! சம்பளத்தோடு லீவு!

1948 தொழிற்சாலைச் சட்டம் என்ன கொடுத்தது? வருஷத்தில் 240 நாள் வேலை செய்தவனுக்கு இருபது நாளுக்கு ஒரு நாள் சம்பள லீவு. 240 நாளுக்குப் பன்னிரண்டு நாள். காய்ச்சல், சாவு, மச்சினி கல்யாணம் போக மிச்சம் எத்தனை? 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பில் 240 நாள் 180 நாளாகக் குறைந்திருக்கிறது. நல்லது. ஆனால் காண்டிராக்ட் தொழிலாளியைப் பெயர் மாற்றி, ஏஜென்சி மாற்றி வேலை வாங்குகிறவர்கள் 180 நாளைப் பூர்த்தியாக விடுவார்களா?

வீட்டுத் தறியில் நெய்கிறவனுக்கு அதுவும் கிடையாது. ஒரு சேலைக்குப் பத்து நாளோ பதினைந்து நாளோ. நெய்தால் கூலி, நிறுத்தினால் பட்டினி. அவனுக்கு ஒரே லீவு ஐப்பசி மழை. குழித்தறியில் தண்ணீர் ஊறி, மிதிகட்டை முழுகிப் போனால் லீவு! அந்த லீவுக்குச் சம்பளம் இல்லை, கடன்தான் உண்டு. களை பறிக்கிற தாய்மாருக்கோ வேலையில்லாத நாளெல்லாம் லீவு!

சம்பள லீவு யாரும் தானமாகக் கொடுத்ததல்ல. 1936-இல் பிரான்சு தேசத்துத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த ஜூன் மாதமே இரண்டு வார சம்பள லீவு சட்டமாயிற்று. ரயில் கட்டணத்தில் 40 சதவீதம் தள்ளுபடியும் கிடைத்தது. லட்சக்கணக்கான தொழிலாளிக் குடும்பங்கள் பிறந்ததிலிருந்து முதல் தடவையாகக் கடலைப் பார்த்தன. டீயைக் குறைத்து அல்ல, சங்கத்தைச் சேர்த்து!

நம் ஜில்லாவையே பாருங்கள். சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் ஆலை இருக்கிறது. அந்தக் குழுமத்துக்குக் கொரியாவின் யோங்கின் நகரில் எவர்லேண்ட் என்று ஒரு பெரிய தீம் பார்க் உண்டு, 1976-இல் திறந்தது. அங்கே ராட்டினம் சுற்றுகிறது. இங்கே 2024-இல் கூலிக்காகவும் சங்க உரிமைக்காகவும் தொழிலாளர்கள் 37 நாள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது; சங்கத்தைப் பதிவு செய்யவே 2025 ஜனவரி ஆயிற்று. குளிர்பெட்டியும் டெலிவிஷனும் செய்கிறவன் பிள்ளைக்கு அந்தப் பூங்கா டெலிவிஷனில்தான் தெரியும்!

பூங்காவுக்குள்ளே யார்?

வாசலுக்கு வெளியே நிற்பவன் கதை இது. உள்ளே வேலை செய்கிறவன் கதை என்ன? வால்ட் டிஸ்னி கம்பெனியில் படம் வரைந்த தொழிலாளர்கள் 1941-இல் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1947-இல் அமெரிக்கப் பார்லிமெண்டுக் கமிட்டி முன் டிஸ்னி போய் நின்று, அது கம்யூனிஸ்டுகளின் வேலை என்று சாட்சி சொன்னார். எட்டு வருஷம் கழித்து, 1955-இல், உலகத்திலேயே மகிழ்ச்சியான இடம் என்று டிஸ்னிலேண்டைத் திறந்தார். அங்கே வேலை செய்கிறவர்களிடம் சங்கங்களின் ஏற்பாட்டில் எடுத்த ஆய்வு 2018-இல் வெளியாயிற்று. பதில் சொன்னவர்களில் 73 சதவீதம் பேர், வாங்கும் சம்பளம் அடிப்படைச் செலவுக்கே போதவில்லை என்றார்கள். பத்தில் ஒருவருக்குமேல் முந்தின இரண்டு வருஷத்தில் தங்க வீடில்லாமல் இருந்தவர்கள்!

சிங்கப்பூரில்? நம் ஊர்ப் பையன்களும் வெளிநாடு போகிறார்கள், தோழர்களே! நிலத்தை அடகு வைத்து, ஏஜெண்டுக்குக் கட்டிப் போகிறார்கள். லாரியின் பின்பக்கத்தில் உட்கார்ந்து வேலைக்குப் போய், அந்த நகரத்தின் கட்டடங்களை எழுப்புகிறார்கள். 2020-இல் அங்கே கொரோனா கண்டவர்களில் மிகப் பெரும்பாலோர் நெருக்கியடித்த தொழிலாளர் விடுதிகளில் கிடந்தவர்களே. ஒரே விமானத்தில் ஒருவன் கடன் வாங்கி விளையாடப் போகிறான். இன்னொருவன் கடன் அடைக்க உழைக்கப் போகிறான். இரண்டு கடனுக்கும் வட்டி வாங்குகிறவன் விமானத்தில் ஏறவே வேண்டியதில்லை.

சர்க்கார் யார் பக்கம்?

2024–25-இல் இந்தியர்கள் வெளிநாட்டுப் பயணத்துக்கென்று ரிசர்வ் பாங்கின் திட்டத்தின் கீழ் அனுப்பிய பணம் சுமார் 1,700 கோடி டாலர். ஏறத்தாழ 1 லட்சத்து 40 ஆயிரம் கோடி ரூபாய். அதே வருஷம் கோடிக்கணக்கான கிராமத்து ஏழைகளின் நூறு நாள் வேலைக்கு ஒதுக்கியது 86,000 கோடி ரூபாய்! 2026 பிப்ரவரி 1 பட்ஜெட்டில் நிதி மந்திரி என்ன அறிவித்தார்? வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் பிடிக்கும் முன்வரியை 5, 20 சதவீதங்களிலிருந்து 2 சதவீதமாகக் குறைப்பதாக அறிவித்தார். அது பின்னால் வருமான வரியில் கழிகிற பணம்தான், ஒப்புக்கொள்கிறோம். ஆனால் 2017 ஜூலை முதல் பட்டு நூலுக்கும் பட்டுச் சேலைக்கும் விதித்த 5 சதவீத ஜி.எஸ்.டி.யைக் குறைக்க அதே கை ஏன் நீளவில்லை? பறக்கிறவனின் சுமையைப் பார்த்துக் கசிகிற மனசு, நெய்கிறவனின் சுமையைப் பார்த்துக் கல்லாவது ஏன்?

நாம் செய்ய வேண்டியது

சுற்றுலாவுக்காகத் தவணைக் கடன் வாங்காதீர்கள். வீட்டில் பெண்களையும் வைத்துக்கொண்டு, மேலே போட்ட கணக்கை உங்கள் கூலியை வைத்துப் போட்டுப் பாருங்கள். பிள்ளை கேட்டால் அதட்டாதீர்கள். ஏன் முடியவில்லை என்று புரியும்படி சொல்லுங்கள்.

ஆனால் பிள்ளையின் ஆசையை அடுத்த தலைமுறைக்குத் தள்ளிவிடாதீர்கள். சங்கம் சங்கமாக மாதம் ஐம்பது, நூறு என்று வட்டியில்லாத பொதுச் சீட்டுப் போடலாம். கோடை லீவில் ஒரு பஸ் பிடித்து மாமல்லபுரத்துக் கடற்கரைக்கும் வண்டலூர் மிருகக்காட்சிச் சாலைக்கும் எல்லார் வீட்டுப் பிள்ளைகளையும் அழைத்துப் போகலாம். தெருவுக்குத் தெரு குழந்தைகள் விளையாட இடம் கேட்டு மாநகராட்சி வாசலில் நிற்கலாம்.

அதோடு கோரிக்கைகளை உரக்கச் சொல்லுங்கள். காண்டிராக்ட் தொழிலாளிக்கும் சம்பள லீவு! தறிக்குழியில் தண்ணீர் நிற்கும் நாளுக்கு நெசவாளிக்கு நிவாரணம்! விவசாயத் தொழிலாளிக்கு வருஷம் முழுதும் வேலை, வயிறு நிறையும் கூலி!

1923-இல் சென்னையில் சிங்காரவேலர் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியபோது, அந்த நாள் ஒரு காலத்தில் சம்பளத்தோடு லீவாகும் என்று எத்தனை முதலாளிகள் நம்பியிருப்பார்கள்? கூடி நின்றோம், கிடைத்தது. மிச்ச நாட்களும் அதே வழியில்தான் கிடைக்கும். கடன் சீட்டில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், சங்கத்தின் கோரிக்கை மனுவில் கையெழுத்துப் போடுங்கள்!