லாரிக்கு ஸ்டெப்னி உண்டு, சிஸ்டம் தம்பிக்கு?

நாமக்கல் பக்கம் ஏதாவது ஒரு லாரி ஆபீசில் காலை நேரத்தில் போய் நின்று பாருங்கள். நெடுந்தூரம் கிளம்பும் வண்டிக்கு என்னென்ன சோதனை நடக்கிறது! டயர் காற்று, ஜாக்கி, தார்ப்பாய், கயிறு, பர்மிட், இன்சூரன்ஸ், கடைசியில் ஸ்டெப்னி. ஸ்டெப்னி இல்லாமல் எந்த முதலாளியும் வண்டியை வெளியே விட மாட்டார். அந்த ஊர்ப் பக்கம் பல முதலாளிகள் கிளீனராகவும் டிரைவராகவும் இருந்து மேலே வந்தவர்கள். ராத்திரி இரண்டு மணிக்கு நடுரோட்டில் டயர் வெடித்தால் என்ன கதி என்று அவர்களுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

அதே ஆபீசில் மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை இருக்கும். உள்ளே ஒரு சர்வர், ஒரு யு.பி.எஸ்., யு.பி.எஸ். மேல் ஒரு டிபன் பாக்ஸ், பக்கத்தில் ஓர் ஆள். ஆபீஸ் முழுக்க அவருக்கு ஒரே பெயர்தான்: சிஸ்டம் தம்பி. வயது முப்பத்தைந்தைத் தாண்டினாலும் தம்பிதான்.

இந்தத் தம்பிக்கு ஸ்டெப்னி கிடையாது. பிரச்சினையே அதுதான்.

இது ஏதோ ஒரு கம்பெனியின் கதை இல்லை. வளர்ந்துகொண்டிருக்கும் எந்த டிரான்ஸ்போர்ட் கம்பெனியிலும் கதை ஒரே மாதிரிதான் போகிறது. பத்துப் பதினைந்து வண்டி இருந்தபோது டேலி பார்க்கவும் பிரிண்டரில் சிக்கிய பேப்பரை எடுக்கவும் ஓர் ஆளைச் சேர்த்தார்கள். அப்புறம் வண்டி ஐம்பதானது, நூறானது. ஊருக்கு ஊர் கிளை வந்தது. வண்டிக்கு ஜி.பி.எஸ். வந்தது. 2018 ஏப்ரல் 1-ஆம் தேதி மாநிலம் விட்டு மாநிலம் போகும் சரக்குக்கு இ-வே பில் கட்டாயமானது. 2021 பிப்ரவரியில் சுங்கச்சாவடிக்கு ஃபாஸ்டேக் கட்டாயமானது. டீசல் கார்டு, எல்.ஆர். போடும் சாஃப்ட்வேர், கேமரா, பயோமெட்ரிக், ஆபீஸ் மெயில், முதலாளி வீட்டு வைஃபை என்று எல்லாம் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. வண்டி கூடும்போதெல்லாம் டிரைவர் கூடினார், கிளை கூடும்போதெல்லாம் புக்கிங் கிளார்க் கூடினார். மாடிப்படி அறையில் மட்டும் அதே ஒரு நாற்காலி.

இதில் இ-வே பில்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். வழக்கமான சரக்கு லாரிக்கு 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பதுதான் அதன் ஆயுள் கணக்கு. காலாவதி ஆகும் நேரத்துக்கு முன்னால் 8 மணி நேரம், பின்னால் 8 மணி நேரம், அதற்குள்தான் நீட்டிக்க முடியும். வண்டி வழியில் பழுதாகிச் சரக்கை வேறு லாரிக்கு மாற்றினால் புது வண்டி நம்பரை ஏற்ற வேண்டும். ஏற்றாமல் பறக்கும் படையிடம் மாட்டினால் ஜி.எஸ்.டி. சட்டம் 129-ஆம் பிரிவின்படி வரியில் 200 சதவீதம் வரை அபராதம் கேட்கலாம்.

இப்போது நாக்பூர் பக்கம் ஒரு வண்டி ராத்திரி ஒரு மணிக்கு ஆக்சில் உடைந்து நிற்கிறது என்று வையுங்கள். மாற்று லாரி கிடைத்துவிட்டது. சரக்கும் மாறிவிட்டது. ஆனால் போர்ட்டலில் நுழைய ஓ.டி.பி. வேண்டும். 2025 ஏப்ரல் முதல் எல்லோருக்குமே அந்த இரண்டாவது பூட்டு கட்டாயம். நல்ல ஏற்பாடுதான், குறை சொல்ல முடியாது. ஒவ்வொரு கிளைக்கும் தனி யூசர், தனி மொபைல் நம்பர் வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. அதைச் செய்யச் சொல்லி யாரும் நேரம் ஒதுக்காததால் ஓ.டி.பி. போய் விழுவது தம்பியின் போனில். தம்பி தூங்குகிறார். அல்லது குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் இருக்கிறார். கோடி ரூபாய் சரக்கு ஒருவருடைய போன் சார்ஜை நம்பி ரோட்டோரம் நிற்கிறது.

டிரைவருக்குத் தூக்கம் வேண்டும் என்பது நாட்டுக்குப் புரிந்து அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது. 1961-இல் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வந்தபோதே பொதுவாக நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று கோடு போட்டார்கள். அது எவ்வளவு தூரம் மதிக்கப்பட்டது என்பது வேறு விஷயம். கண் அசந்தால் ஆபத்து என்பதையாவது ஒப்புக்கொண்டார்கள் இல்லையா? தூக்கம் கெட்ட சிஸ்டம் தம்பி தப்பான டிரைவை அழித்துவிட்டால் ரத்தம் வராது, அதனால் அது விபத்துக் கணக்கில் சேராது போல.

காமர்ஸ் படிக்கிறவர்களுக்கு இதில் இன்னொரு வேடிக்கை தெரியும். ஆடிட்டிங் பாடத்தில் ஆரம்பத்திலேயே சொல்லிக் கொடுப்பது உள் சரிபார்ப்பு. பணம் வாங்குகிறவர் லெட்ஜர் எழுதக் கூடாது. செக் எழுதுகிறவர் பேங்க் ரீகன்சிலியேஷன் போடக் கூடாது. ஒரு வேலையின் தொடக்கமும் முடிவும் ஒரே கையில் இருக்கக் கூடாது. லாரி ஆபீஸ் முதலாளிகள் புத்தகம் படிக்காமலேயே இதைக் கரைத்துக் குடித்தவர்கள். டீசல் பில்லை ஒருவர் எழுதினால் இன்னொருவர் கிலோமீட்டரோடு ஒத்துப் பார்ப்பார்.

ஆனால் யூசரை உருவாக்குவது யார்? தம்பி. யூசரை நீக்குவது? தம்பி. பேக்கப் எடுப்பது? தம்பி. பேக்கப் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது? அதுவும் தம்பி. யார் என்ன செய்தார்கள் என்ற பதிவை வைத்திருப்பது? சொல்லவே வேண்டாம். கம்பெனிச் சட்டப்படி பதிவான நிறுவனங்களின் கணக்கு சாஃப்ட்வேரில் ஒவ்வொரு திருத்தமும் பதிவாக வேண்டும், அதை அணைக்க முடியக் கூடாது என்று 2023 ஏப்ரல் 1 முதல் விதி இருக்கிறது. அந்த சாஃப்ட்வேர் ஓடும் சர்வரின் சாவி மொத்தமும் ஒரே ஆளிடம். ஐநூறு ரூபாய் வவுச்சருக்கு இரண்டு கையெழுத்து கேட்கும் கம்பெனி, மொத்த கம்பெனியையும் ஒரே பாஸ்வேர்டில் வைத்திருக்கிறது!

இதைச் சொன்னால் வரும் பதில்கள் நான்குதான்.

முதல் பதில்: "அவனுக்கு என்னங்க வேலை, பாதி நேரம் சும்மாதானுங்க உக்காந்திருக்கான், இதுல இன்னொருத்தனா?" ஸ்டெப்னியும்தான் வருடம் முழுக்கச் சும்மா தொங்குகிறது. அதைக் கழற்றி விற்றுவிட்டு லாபம் என்று எழுதுவீர்களா? இவர் சும்மா உட்கார்ந்திருக்கிறார் என்றால் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறது என்று அர்த்தம்.

இரண்டாவது: "ஏ.எம்.சி. கொடுத்திருக்கோமே." ஏ.எம்.சி.காரர் வந்து ஹார்டு டிஸ்க் மாற்றுவார். எந்தக் கிளையின் எல்.ஆர். எந்த டேட்டாபேஸில் போய் உட்காருகிறது, மாதக் கடைசியில் எந்த ரிப்போர்ட் ஏன் தப்பாக வரும் என்பதெல்லாம் அவருக்கு எப்படித் தெரியும்? போதாக்குறைக்கு ஏ.எம்.சி.காரரின் நம்பர் இருப்பதும் தம்பியின் போனில்தான் :-)

மூன்றாவது: "நம்ம பையன், விசுவாசமானவன்." இருக்கட்டும். விசுவாசம் குடல்வால் வலியைத் தடுக்குமா? பெங்களூரிலிருந்து இரண்டு மடங்கு சம்பளத்தில் வரும் ஆஃபர் லெட்டரைத் தடுக்குமா? அமெரிக்காவில் சான் ஃபிரான்சிஸ்கோ நகராட்சியின் கணினி வலையமைப்பு டெர்ரி சைல்ட்ஸ் என்ற ஒரே ஊழியரின் கையில் இருந்தது. 2008-இல் பாஸ்வேர்டைத் தர மறுத்தார் என்று கைது செய்தார்கள். கடைசியில் நகர மேயரே சிறைக்கு நேரில் போய் வாங்கி வர வேண்டியிருந்தது. அத்தனை நாளும் வலையமைப்பு ஒழுங்காகத்தான் ஓடியது. 2010-இல் அவருக்கு நான்கு வருடச் சிறைத் தண்டனை விதித்தார்கள். அவர் செய்தது தப்புதான். ஒரு பெரிய நகரத்தின் சாவிக்கொத்தை ஒரே ஆளிடம் விட்டுவிட்டு வருடக்கணக்கில் நிம்மதியாக இருந்தவர்கள் செய்தது சரியா?

நான்காவது: "நம்மள மாதிரி லாரிக்காரனை எவன் வந்து தாக்கப் போறான்?" இங்கிலாந்தின் கே.என்.பி. லாஜிஸ்டிக்ஸும் லாரிக் கம்பெனிதான். அதன் முக்கியப் பிரிவான 'நைட்ஸ் ஆஃப் ஓல்டு' 1865-இல் தொடங்கியது. சுமார் 500 லாரிகள் ஓட்டியது. சைபர் இன்சூரன்ஸும் இருந்தது. 2023 ஜூனில் ஒரு ரான்சம்வேர் கும்பல் உள்ளே புகுந்து எல்லாத் தகவலையும் பூட்டியது. யாரோ ஓர் ஊழியரின் எளிதான பாஸ்வேர்டை ஊகித்து நுழைந்திருக்கலாம் என்கிறார்கள். அதே செப்டம்பரில் கம்பெனி மூடப்பட்டது. சுமார் 700 பேருக்கு வேலை போனது. லாரிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. டிரைவர்களும் இருந்தார்கள். எந்தச் சரக்கு எங்கே, யார் எவ்வளவு தர வேண்டும் என்ற விவரம்தான் கையில் இல்லை. ஏற்கெனவே நெருக்கடியில் இருந்த கம்பெனி, கடன் கொடுப்பவருக்குக் காட்டக் கணக்கு இல்லாமல் சரிந்தது.

அந்த கம்பெனியில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார் என்று சொல்ல வரவில்லை. அத்தனை ஏற்பாடு வைத்திருந்தவர்களுக்கே அந்தக் கதி என்றால், மாடிப்படி அறையில் ஒற்றை ஆளாக நிற்பவர் என்ன செய்வார்? நம் நாட்டில் 2022 ஏப்ரலில் செர்ட்-இன் போட்ட உத்தரவின்படி இப்படிப்பட்ட தாக்குதல் தெரிய வந்த 6 மணி நேரத்துக்குள் தகவல் கொடுக்க வேண்டும். சர்வரைக் காப்பாற்றுவதா, ஆறு கிளைகளின் போனை எடுப்பதா, முதலாளிக்குப் பதில் சொல்வதா, அரசுக்குக் கடிதம் எழுதுவதா? இருப்பது இரண்டு கை.

2017 ஜூனில் கப்பல் கம்பெனியான மெர்ஸ்க்கை நாட்பெட்யா வைரஸ் சாய்த்தபோது 4,000 சர்வர்களையும் 45,000 கணினிகளையும் பத்தே நாளில் திரும்ப நிறுவினார்கள். அவ்வளவு பெரிய படை இருந்தது. அப்படியும் அவர்களுக்கு உயிர் கொடுத்தது கானாவில் மின்வெட்டால் அணைந்து கிடந்து வைரஸிடமிருந்து தப்பித்த ஒரே ஒரு சர்வர். அதிர்ஷ்டம்! மின்வெட்டை நம்பித் தொழில் நடத்துவது அவர்கள் திட்டம் இல்லை. நம் ஊரில் பல கம்பெனிகளுக்கு வேறு திட்டமே இல்லை.

தம்பி மேலும் தப்பு இருக்கிறது, மறைக்க வேண்டாம். 'நாம இல்லேன்னா இங்க ஒண்ணும் ஓடாது' என்ற பெருமை சிலருக்கு இனிக்கிறது. எதையும் எழுதி வைப்பதில்லை. எழுதி வைத்தால் தன் மதிப்பு போய்விடும் என்ற பயம். விளைவு என்ன? லீவு கிடையாது, சொந்தத் தங்கச்சி கல்யாணத்தில் மணமேடைக்குப் பின்னால் நின்று "சார், ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று போனில் பேசிக்கொண்டிருக்க வேண்டும். அவர் இல்லாமல் ஆபீஸ் ஓடாது என்பதாலேயே பதவி உயர்வும் கிடையாது. சங்கிலியைத் தானே செய்து தானே மாட்டிக்கொண்ட கதை.

ஆனாலும் பெரிய தப்பு முதலாளியுடையதுதான். இரண்டாவது ஆளுக்குக் கொடுக்காமல் மிச்சம் பிடித்த சம்பளத்தை அவர் லாபம் என்று நினைக்கிறார். அது லாபம் இல்லை. எந்த பேலன்ஸ் ஷீட்டிலும் எழுதாத கடன். எப்போது, எவ்வளவு வட்டியோடு வசூலுக்கு வரும் என்று மட்டும் தெரியாது.

வங்கிகளில் ஒரு வழக்கம் உண்டு. முக்கியப் பொறுப்பில் இருப்பவரை முன்னறிவிப்பு இல்லாமல் வருடத்துக்கு ஒரு முறை குறைந்தது 10 வேலை நாள் லீவில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021-இல் சொன்னது. மோசடியைப் பிடிக்க வந்த விதி அது. லாரி ஆபீசுக்கும் அது அருமையான மருந்து. சிஸ்டம் தம்பியை ஒரு வாரம் ஊருக்கு அனுப்புங்கள். போனை வாங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டுங்கள். திங்கட்கிழமை மதியத்துக்குள் உங்கள் கம்பெனியின் உண்மையான நிலை தெரிந்துவிடும்.

அதற்கு முன்னால் செய்ய வேண்டியவை பெரிய செலவு பிடிக்காது. பாஸ்வேர்டுகள் சீல் வைத்த கவரில் முதலாளியின் பீரோவுக்குப் போக வேண்டும். ஒரு பேக்கப் ஆபீசுக்கு வெளியே, நெட்டோடு தொடர்பில்லாமல் இருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதை வேறொரு கணினியில் திறந்து பார்க்க வேண்டும், திறக்காத பேக்கப் காற்று இல்லாத ஸ்டெப்னி. கடைசியாக, அந்த அறைக்கு இன்னொரு நாற்காலி. புதிதாக டிகிரி முடித்து வேலை தேடும் பிள்ளைகள் ஊரெல்லாம் இருக்கிறார்கள். ஒருவருக்கு வருடச் சம்பளம், ஒரு லாரிக்கு மொத்தமாக டயர் மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் மலைத்துப்போகிற தொகை இல்லை.

ஆயுத பூஜை அன்று லாரிக்கெல்லாம் வாழைக்கன்று கட்டி, சந்தனம் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்குவார்கள். மறக்காமல் மாடிப்படி அறைக்கும் வந்து சர்வருக்கு ஒரு பொட்டு வைப்பார்கள். அதைப் பார்த்துக்கொள்ளும் மனிதருக்கு ஒரு தட்டுப் பொரி, ஒரு ஸ்வீட் பாக்ஸ். பூஜை முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போவார்கள். அவர் மட்டும் போனை நெஞ்சு மேல் வைத்துக்கொண்டு படுப்பார்.

முதலாளி, அடுத்த புது லாரிக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு நாற்காலி வாங்கிப் போடுங்கள்.

பி.கு.: இதைப் படிக்கும் சிஸ்டம் தம்பிகளே, இன்றைக்கே ஒரு நோட்டில் எழுத ஆரம்பியுங்கள். முதல் பக்கத்தில் சர்வர் விவரம். இரண்டாவது பக்கத்தில் லீவு லெட்டர் :-)